ஜீப்பின் பின்வில்லும் வீட்டுப் பட்டறையும்

மோட்டார் என்ற சாதனம் நம் ஊர்களுக்கு வந்து சேர்வதற்கு முன்பே, பாரம் ஏற்றுவதற்கு ஒரு வண்டியும் மனிதர் ஏறிச் செல்வதற்கு வேறொரு வண்டியும் வேண்டும் என்பதை அறிந்திருந்த நம்மவர்கள், அச்சுக்கும் கூட்டுக்கும் இடையே இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைத்துப் பொருத்திய அந்த இரண்டாவது வண்டிக்கு வில்வண்டி என்றே பெயரிட்டார்கள். மாடு போய் எஞ்சின் வந்தது. மரச்சக்கரம் போய் ரப்பர் டயர் வந்தது. ஆனால் பழைய ஜீப் ஒன்றின் பின்புறம் குனிந்து பார்ப்பவருக்கு, தாத்தா காலத்து வண்டியில் இருந்த அதே பட்டைக் கட்டு, அதே வளைவோடு, அதே துருவோடு காட்சியளிக்கும். அந்த வில்லை வீட்டிலேயே கழற்றி, மாற்றி, வண்டியின் பின்புறத்தை உயர்த்திவிட வேண்டும் என்ற ஆவல் மலைப்பாதைகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் ஜீப் ஓட்டும் அன்பர்களிடையே பெருகி வருகிறது.

இவ்விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. கம்பெனி செய்து கொடுத்ததில் கை வைப்பதே அபசாரம் என்பது ஒரு கட்சி. வெல்டிங் மிஷினும் ஒரு ஜாக்கியும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு பொழுதில் முடிகிற காரியம் என்பது மற்றொரு கட்சி. இரண்டும் பாதி உண்மைகள். இரு சாராரும் “எத்தனை அங்குலம் உயரும்?” என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வாதிடுகிறார்களேயன்றி, “சக்கரம் எவ்வளவு தூரம் ஏறி இறங்கும்? வண்டி எவ்வளவு பாரம் சுமக்கப் போகிறது?” என்ற மூலப்பிரச்னையை எழுப்புவதில்லை. அந்தக் கேள்வியை முன்வைத்து, வழக்கிலுள்ள மாற்று முறைகள் ஒவ்வொன்றையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வில்லின் தர்மம்

1940இல் அமெரிக்க ராணுவம் கேட்ட கால் டன் வண்டிக்கு விடையாகப் பிறந்து, வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளிலும் யுத்த காலத்தில் 6 லட்சத்துக்கும் மேலாகத் தயாரான ஜீப், 80 அங்குலச் சக்கர இடைத்தூரமும், முன்னும் பின்னும் ஆக்சிலுக்குக் கீழே தொங்கும் பட்டைவில்களும் கொண்டது. 1940களின் இறுதியில் மகீந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்களுக்கும், 1985இல் வெளிவந்த மாருதி ஜிப்ஸிக்கும் இதே வில் அமைப்புத்தான். ஆக்சில் மேலே, வில் கீழே என்ற இந்த ஏற்பாடு வண்டியைத் தாழ்வாகவும் ஸ்திரமாகவும் வைத்திருப்பதற்காகவே செய்யப்பட்டது. பின்னால் நாம் காணப்போகும் பெரிய மாற்றமெல்லாம் இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான்.

பட்டைவில் வெறும் வில் அன்று. சுருள்வில் பாரத்தைத் தாங்குவதோடு தன் கடமையை முடித்துக்கொள்ள, பட்டைவில்லோ பாரத்தைத் தாங்குவதுடன், ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தி, எஞ்சின் தரும் முறுக்கையும் பிரேக் தரும் எதிர்முறுக்கையும் ஏற்று, பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் துள்ளலையும் ஓரளவு அடக்குகிறது. ஒரே வேலைக்காரன் நான்கு வேலை செய்கிற வீட்டில், அவனை ஒரு வேலையிலிருந்து மாற்றினால் மற்ற மூன்றும் குழம்புவது இயல்பு. இதை மனத்தில் இருத்தாதவர் ஸ்பானரை எடுக்காதிருப்பது நன்று.

வில்லின் கடினம் பட்டைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமாகவும், ஒவ்வொரு பட்டையின் தடிமனுக்கு முப்படி விகிதமாகவும் கூடுகிறது. நீளத்தின் முப்படிக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது. இதன் பொருள் என்னவென்றால், 6 மில்லிமீட்டர்ப் பட்டைகளின் நடுவே 8 மில்லிமீட்டர்ப் பட்டை ஒன்றைச் செருகுகிறவர், ஒரு பட்டையைச் சேர்த்ததாக நினைத்துக்கொண்டு, உண்மையில் இரண்டுக்கும் மேற்பட்ட பட்டைகளின் கடினத்தைச் சேர்த்துவிடுகிறார். வண்டியின் கனத்தால் வில் 100 மில்லிமீட்டர் அமுங்கி நின்றால், குலுக்கல் நிமிஷத்துக்குச் சுமார் 95 அசைவுகளாக இருக்கும். வில்லைக் கடினமாக்கி அமுக்கத்தை 50 மில்லிமீட்டராகக் குறைத்தால் அது 134 ஆகிவிடும். நிதானமாக ஆடுவதை உடம்பு பொறுத்துக்கொள்ளும். வெடவெடவென்று நடுங்குவதைப் பொறுத்துக்கொள்ளாது. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து விலகி ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஆலி 1930களில் இந்த அசைவுகளை ஆராய்ந்து, பின்வில் முன்வில்லைவிடச் சற்று விரைவாக அசைந்தால் வண்டி முன்னும் பின்னுமாகக் குதிக்காது என்று கண்டறிந்தார். ஆகவே பின்வில்லில் மட்டும் கை வைப்பவர், முன்வில்லோடு அதற்குள்ள உறவிலும் கை வைக்கிறார்.

இனி, காட்டுப்பாதையில் வில் எதற்கு? சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள ஆக்சிலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், எஞ்சினின் சக்தி அந்தச் சக்கரத்தைச் சுழற்றுவதிலேயே வீணாகி, தரையில் நிற்கும் மற்றச் சக்கரம் அசையாமல் கிடக்கும். எனவே மேடு பள்ளத்தில் வண்டியைக் காப்பாற்றுவது உயரம் மட்டுமன்று. பள்ளத்தில் தொங்கும் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தேடிப் பிடிக்கிற அந்த நீட்சிதான். உயரத்தைக் கூட்டும்போது நீட்சியைக் குறைத்துவிடும் முறைகள் பல உண்டு என்பதே இந்த ஆராய்ச்சியின் வேடிக்கை.

சிறிய வழிகள்

பின்புறத்தை உயர்த்துவதற்கு மிக மலிவான வழி, வில்முனையைச் சேசிஸோடு இணைக்கும் சாக்கிளை நீட்டுவது. வில்லின் ஒரு முனை சேசிஸோடு ஆணியில் நிற்க, மறுமுனை மட்டும் சாக்கிளில் ஊஞ்சலாடுவதால், சாக்கிளில் 50 மில்லிமீட்டர் கூட்டினால் வண்டி உயர்வது 25 மில்லிமீட்டர்தான். உயர்வு பாதியாயினும் பாதகம் முழுமையாக வந்து சேர்கிறது: பின்முனை தாழ்வதால் ஆக்சில் சற்றே சுழன்று, எஞ்சினின் சுழற்சி ஆக்சிலுக்குள் நுழையும் பினியன் முகம் வானத்தைப் பார்க்கிறது, நீண்ட சாக்கிள் பக்கவாட்டில் தள்ளாடுகிறது. ஒரு சிறு குறையைச் சரிக்கட்டுவதற்கு இதைக் கையாளலாமே தவிர, இதையே நம்பி உயரம் தேடுவது தகாது.

இரண்டாவது வழி, வில்லுக்கும் ஆக்சிலுக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பது. வில் ஆக்சிலுக்கு மேலே அமர்ந்த வண்டிகளில்தான் இது உயர்த்தும். பழைய ஜீப்பைப் போல் வில் கீழே தொங்கும் வண்டியில் இதே கட்டையை இடையில் வைத்தால் வண்டி உயர்வதற்குப் பதிலாகத் தாழ்ந்துவிடும். கடையில் வாங்கி வந்து, வில்லை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டை முறுக்கி முடித்த பிறகு இதைக் கண்டு விழித்தவர்களும் உண்டு. உயர்த்தும் வண்டிகளிலும், கட்டை உயர உயர ஆக்சில் முறுக்கும் நெம்புகோல் நீள்வதால், வில் பாம்பைப் போல் நெளியத் தொடங்கும். கட்டைமேல் கட்டை அடுக்குவதைப் பற்றி அபிப்பிராயபேதத்துக்கே இடமில்லை, அது கூடாது.

மூன்றாவது, பட்டை சேர்ப்பதும் பட்டையை மீண்டும் வளைப்பதும். சிலிக்கன் மாங்கனீஸ் கலந்த வில்லெஃகு, சூடேற்றி எண்ணெயில் தோய்த்து மறுபடி பதமாக்கப்பட்டது. அதைக் காஸ் தீயில் சிவக்கக் காய்ச்சி வளைப்பவர், வளைவைப் பெற்றுப் பதத்தை இழக்கிறார். முதல் நாள் அழகாக நிமிர்ந்து நிற்கும் அப்படிப்பட்ட வில், சில மாதங்களில் தன் பழைய கூனலுக்கே திரும்பிவிடும், அல்லது காய்ச்சிய இடத்தில் முறியும். இந்த வேலையைத் தீயின்றிக் குளிர்நிலையில் அடித்து வளைக்கும் அனுபவமுள்ள பட்டறைக்காரரிடம் விடுவதே உத்தமம். பட்டையில் வெல்டிங் வைப்பது எந்த நிலையிலும் ஆகாது.

நான்காவது வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது பட்டையை எடுப்பது. போடிநாயக்கனூரில் நண்பர் ஒருவரின் வீட்டுக் கொட்டகையில், ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிச் சென்று ஓய்ந்த ஜீப் ஒன்றின் பின்வில் பிரிக்கப்பட்டதை அருகிலிருந்து பார்த்தேன். புது உடைமைக்காரரான நண்பர், வண்டி துள்ளுகிறது, ஆகவே உயர்த்த வேண்டும் என்று தீர்மானித்திருந்தார். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் துருப்பிடித்துத் திரும்ப மறுத்துக் கடைசியில் அறுந்தே போயிற்று. பட்டைகள் பிரிந்தபோது இடையிலிருந்து செம்மண் போன்ற துருப்பொடி கைப்பிடியளவு கொட்டியது. மெயின் பட்டையைத் திருப்பிப் பார்த்தால், அடுத்த பட்டையின் நுனி ஆண்டுக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து, அதன் அடிவயிற்றில் நகம் பதிந்தாற்போல் ஒரு பள்ளம் குடைந்திருந்தது. பட்டை முறிவு பல சமயம் இத்தகைய பள்ளத்தில்தான் ஆரம்பமாகிறது. எண்ணிப் பார்த்தபோது, பத்துப் பன்னிரண்டு பேர் ஏறுவதற்காக முன்னாள் உடைமைக்காரர் சேர்த்த இரண்டு பட்டைகள் அதிகமாக இருந்தன. இப்போதோ வண்டியில் ஏறுகிறவர்கள் இருவர்.

அந்த இரண்டு பட்டைகளையும் எடுத்து, எஞ்சியவற்றைச் சுரண்டிக் கிராஃபைட் கிரீஸ் தடவி, பள்ளம் விழுந்த மெயின் பட்டையையும் புஷ்களையும் யூ போல்ட்டுகளையும் புதிதாக்கி, எண்ணெய் வடிந்துபோன ஷாக் அப்சார்பர்களை மாற்றினார்கள். வண்டி உயரவில்லை, ஓர் அங்குலம் தாழ்ந்தே போயிற்று. ஆனால் ஜாக்கியை ஒரு சக்கரத்தின் கீழ் வைத்து உயர்த்தி, மறுசக்கரம் தரையை விட்டுக் கிளம்புவதற்குள் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தபோது, முன்பு அளந்ததைவிடத் தெளிவாக அதிகமாயிருந்தது. உயர்த்தும் பேச்சை நண்பர் பிறகு எடுக்கவில்லை.

வில்லை மேலே ஏற்றுதல்

இருந்தாலும், பெரிய டயர் போட வேண்டும், பாறைகளின் மேல் ஏற வேண்டும் என்பவர்க்குச் சிறிய வழிகள் போதா. அவர்கள் நாடுவது, ஆக்சிலுக்குக் கீழே தொங்கும் வில்லை ஆக்சிலின் மேலே ஏற்றி அமர்த்தும் முறை. ஆக்சில் குழாயின் விட்டமும் வில் கட்டின் கனமும் சேர்ந்த அளவுக்கு வண்டி ஒரேயடியாக உயர்ந்துவிடும். அது பெரும்பாலும் நாலரை முதல் ஐந்தரை அங்குலம் வரை வரும். புதிய வில் வாங்க வேண்டியதில்லை, பழைய வில்லின் மென்மை கெடுவதில்லை, தரையில் இடிபடும் யூ போல்ட்டுகளும் மேலே போய்விடுகின்றன என்பவை இதன் அனுகூலங்கள். பிரதிகூலங்களை அறிவதற்கு, ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானியை நாம் இருமுறை சந்திக்க வேண்டும்.

வில்லின் நீட்சி விசைக்கு நேர்விகிதமானது என்ற விதியை 1678இல் வெளியிட்டவர் அவர். பிராப்பெல்லர் ஷாப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள குறுக்கு ஜாயின்ட் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்த ஜாயின்ட்டுக்கு ஒரு சுபாவம் உண்டு: கோணத்தில் மடங்கிச் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் ஒரே சீராக இருந்தாலும், வெளியே போகும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறைகிறது. கோணம் 10 டிகிரியானால் இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றரை சதவீதம். 20 டிகிரியானால் 6 சதவீதம். முன்னே ஒரு ஜாயின்ட் செய்யும் கோளாறைப் பின்னே உள்ள ஜாயின்ட் சமன் செய்ய வேண்டுமானால், இரண்டின் கோணங்களும் சமமாயிருக்க வேண்டும். அதாவது கியர்ப்பெட்டியின் வெளிமுகமும் பினியனின் முகமும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். ஜீப்பின் பின் ஷாப்ட் குட்டையானது. அது 600 மில்லிமீட்டர் என்று கொண்டால், வண்டியை 120 மில்லிமீட்டர் உயர்த்துகிறவர், இருந்த கோணத்தோடு மேலும் 11 டிகிரிக்கு மேல் சேர்த்துவிடுகிறார். ஓடும்போது வண்டித் தளத்தில் எழும் அதிர்வு, மாதத்துக்கு ஒன்றாகத் தேய்ந்து போகும் ஜாயின்ட் கிராஸ், பினியன் எண்ணெய் சீலில் கசிவு ஆகிய உபாதைகளெல்லாம் இந்தக் கோணத்தின் சந்ததிகள்.

ஆகவே வில் அமர்வதற்கான புதிய மனைகளைக் குழாயின் மேல் வெல்டிங் செய்யும் நேரமே இந்த வேலையின் உயிர்நிலை. முதலில் புள்ளி வைத்தாற்போல் ஒட்டி நிறுத்தி, வண்டியின் முழுப்பாரத்தையும் சக்கரங்களின்மேல் இறக்கி, பினியனின் கோணத்தை அளந்து, எஞ்சின் முறுக்கும்போது பினியன் சற்று மேலெழும் என்பதால் இணைக்கோட்டைவிட ஓரிரு டிகிரி தாழ்த்தி வைத்து, அதன் பிறகே முழு வெல்டிங்கைத் தொடங்க வேண்டும். அதையும் ஒரே மூச்சில் இழுக்காமல், இந்தப் பக்கம் ஓர் அங்குலம், அந்தப் பக்கம் ஓர் அங்குலம் என்று மாற்றி மாற்றி, இடையிடையே தானாக ஆறவிட்டு முடிக்க வேண்டும். அவசரப்பட்டால் குழாய் வளைந்து, பேரிங்குகளும் சீல்களும் கெடும். உள்ளே இருக்கும் ஆக்சில் ஷாப்ட்டுகளை முன்கூட்டியே உருவிவிடுவதும், பாட்டரி இணைப்பைக் கழற்றிவிடுவதும் அவசியம். நடுவிலுள்ள வார்ப்பிரும்புக் கூட்டில் சாதாரண வெல்டிங் பிடிக்காது. மனைகள் குழாயின்மேல்தான் அமர வேண்டும்.

மற்றொரு தொல்லை முறுக்கு. வில் ஆக்சிலின் மேலேறி, டயரும் பெரிதாகி, பாறையில் வேகம் கொடுக்கும்போது, ஆக்சில் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள முயல, வில் நெளிந்து நெளிந்து அறைகிறது. இதைத் தடுக்க, ஆக்சிலிலிருந்து முன்னோக்கி நீண்டு, சேசிஸில் ஒரு சிறு சாக்கிளில் தொங்கும் தடுப்புத் தண்டு ஒன்று தேவைப்படும். அந்தச் சாக்கிள் இல்லாமல் இரு முனைகளையும் இறுக்கிக் கட்டினால், முறுக்கு நிற்கும். சக்கரத்தின் நீட்சியும் நின்றுபோகும்.

ஒன்றைத் தொட்டால் ஒன்பது

உயர்ந்த வண்டியில் பழைய பிரேக் ஹோஸ் எட்டுமா என்பதை வண்டி தரையில் நிற்கும்போது பார்ப்பதில் பயனில்லை. சேசிஸை உயர்த்தி நிறுத்தி, ஆக்சிலை முழுவதும் தொங்கவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியால் ஏற்றி, அந்த விபரீத நிலையிலும் ஹோஸ் இழுபடாமல் தளர்ந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஷாக் அப்சார்பரும் அப்படியே: குட்டையானால், வில் இறங்க விரும்பும் தூரத்தை அது கயிறுபோல் பிடித்துத் தடுக்கும், நெட்டையானால், வில் முழுதும் அமுங்கும் முன்பே உள்ளே முட்டி உடையும். முழு ஏற்றம், முழு இறக்கம் இரண்டையும் அளந்து, அவற்றுக்கிடையே அடங்கும் நீளத்தை வாங்குவதும், முட்டும் ரப்பர்க் கட்டையைப் புதிய உயரத்துக்கேற்பத் தாழ்த்துவதும் வேண்டும்.

பின்புறத்தை மட்டும் உயர்த்துவோர் அறியாமல் முன்சக்கரத்தையும் கெடுக்கிறார்கள். 80 அங்குல இடைத்தூரமுள்ள வண்டியில் பின்புறம் 50 மில்லிமீட்டர் உயர்ந்தால், வண்டி முழுவதும் சுமார் 1.4 டிகிரி முன்னோக்கிக் குனிகிறது. ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குத் திருப்பிக் கொடுக்கும் முன்சக்கரச் சாய்வு சில டிகிரிகளே ஆதலால், அதில் இது பெரிய நஷ்டம். இனி ஸ்திரத்தன்மையைப் பார்ப்போம். சக்கரங்களின் குறுக்கு இடைவெளியில் பாதி 620 மில்லிமீட்டர், பாரமையத்தின் உயரம் 600 மில்லிமீட்டர் என்று கொண்டால், வண்டி பக்கவாட்டில் சாயக்கூடிய எல்லை கணக்கின்படி 46 டிகிரி. இரு வில்களையும் மாற்றிப் பாரமையத்தை 100 மில்லிமீட்டர் உயர்த்தினால் அது 41½ டிகிரியாகிவிடும். டயரும் வில்லும் அமுங்குவதால் உண்மை எல்லை இவற்றினும் குறைவு. மலைச்சரிவில் இழந்த அந்த நாலரை டிகிரியைத் திரும்ப வாங்குவதற்குக் கடை கிடையாது.

வேலை செய்பவரின் உயிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வில்லிஸ் வழி ஜீப்களில் ஹாண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னே, பின் ஷாப்ட்டின் தலையில் இருக்கிறது. அந்த ஷாப்ட்டைக் கழற்றிய மாத்திரத்தில், அல்லது ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிய மாத்திரத்தில், ஹாண்ட் பிரேக் வண்டியைப் பிடிக்காது. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, சேசிஸைக் கனத்த ஸ்டாண்டுகளில் நிறுத்திய பிறகல்லாமல் அடியில் தலையை நீட்டலாகாது.

சுருள்வில் ஆசை

1970இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில் கொடுத்தது முதல், காட்டு வண்டிகள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தன. இன்றைய மகீந்திரா தாரும் மாருதி ஜிம்னியும் பின்புறம் சுருள்வில்லில்தான் நிற்கின்றன. பழைய ஜீப்பை அப்படி மாற்றுவது தகுமா? பட்டைவில்லை எடுத்தவுடன், அது செய்துவந்த மற்ற மூன்று வேலைகளுக்கும் ஆள் தேட வேண்டும்: ஆக்சிலை முன்பின் நிறுத்தவும் முறுக்கை ஏற்கவும் தண்டுகள், பக்கவாட்டில் நிறுத்த ஒரு குறுக்குத் தண்டு, துள்ளலை அடக்க வலிய ஷாக் அப்சார்பர்கள். தண்டுகளின் நீளமும் கோணமும் சிறிது பிசகினாலும், வேகம் எடுக்கும்போது பின்புறம் எழும்பும், திரும்பும்போது ஆக்சில் தானாகவே வண்டியைத் திருப்பும். நகாசு வேலையாகத் தோன்றினாலும் இது கணக்கு வேலை. வீட்டுக் கொட்டகைக்கு உரியதன்று.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதைக் கண்டிப்பாக வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. போட்டிக் களத்துக்கும் சொந்தத் தோட்டத்துக்கும் செய்யும் மாற்றம் வேறு. அதே வண்டியைப் பொதுச்சாலையில் இறக்குவது வேறு.

எல்லாவற்றையும் தொகுத்து நோக்கினால் நான் காணும் முடிவு இது. துரு நீக்கிப் புதுப்பித்தல், பாரத்துக்கேற்பப் பட்டையைக் குறைத்தல், புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் மாற்றுதல் ஆகியவை வீட்டிலேயே செய்யத்தக்கவை. பெரும்பாலான வண்டிகளுக்கு அவையே போதும். வில்லை மேலேற்றுதல், கோணம் அளக்கவும் பொறுமையாக வெல்டிங் செய்யவும் தெரிந்தவர், பொதுச்சாலைக்கு வராத வண்டியில் மட்டும் செய்யத்தக்கது. உயரம் தேடி நீட்டிய சாக்கிளும் அடுக்குக் கட்டையும் காய்ச்சி வளைத்த பட்டையும் யாருக்கும் உகந்தவை அல்ல. எதைச் செய்தாலும், முதல் போல்ட்டைத் திருகுவதற்கு முன் நான்கு மூலைகளின் உயரத்தையும், பினியனின் கோணத்தையும், ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றினால் மறுசக்கரம் எப்போது கிளம்புகிறது என்பதையும் அளந்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். வேலை முடிந்ததும் அதே அளவுகளை மறுபடி எடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கவும் மறவாதீர்கள்.